ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து

போன இதழில் பவானியிலிருந்து ஒருவர், "மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். இடம் இல்லை என்று, "முடியும், வலிக்கு மருந்து இருக்கிறது, பயப்படாதீர்கள்" என நாலு வரியில் முடித்துவிட்டேன். அது போதாது என்று வந்த கடிதங்களே சொல்லிவிட்டன. ஆசிரியர் அத்தனையையும் கட்டாகக் கட்டி அனுப்பி, "இந்தத் தடவை இது மட்டுமே போகட்டும்ங்க" என்றார். சரி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, நர்ஸ். கோபி, அந்தியூர், பவானி வட்டாரத்தில் பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய், வலி நிவாரண ஆதரவு சிகிச்சை கொடுக்கிறேன். பாலியேட்டிவ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

*

என் மாமனாருக்கு 64 வயது. கரும்புத் தோட்டம். வயிற்று வலி, முதுகு வலி என்று மூன்று மாதம் அலைந்தோம். கடைசியில் கோவையில் ஸ்கேன் எடுத்து, கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். ராத்திரி படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "அது அபின், ஆரம்பிச்சா அவ்வளவுதான், ஆளை மயக்கத்துலயே கொண்டு போயிரும்" என்று கொழுந்தனாரும் நங்கையாளும் கொடுக்க விடவில்லை. மாத்திரை அட்டை பிரிக்காமல் சாமி மாடத்தில் இருக்கிறது.
— பெயர் வேண்டாம், கவுந்தப்பாடி

அம்மணி, முதல் வேலையாக அந்த அட்டையைச் சாமி மாடத்திலிருந்து எடுங்கள்.

அவர் ஏன் குனிந்து உட்கார்கிறார் தெரியுமா? கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. கட்டி அதைத் தொட்டுவிட்டால் மேல்வயிற்றில் கிளம்பும் வலி அப்படியே துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போகும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் தணியும். பவானியில் ஜமுக்காளம் நெய்கிற ஒருவரை முதன்முதலில் பார்க்கப் போனபோது தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு, எதிரே உள்ள மரத்தில் நெற்றியை வைத்தபடி இருந்தார். நெய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். தறியில் நூலே இல்லை. இரண்டு மாதமாக அவர் நெய்யவில்லை. வீட்டில் அவர் உடம்புக்கு ஒத்துவந்த ஒரே இடம் அந்தக் குழிதான். ராத்திரியும் அங்கேதான்.

மார்ஃபின் அபினிலிருந்து வருவது உண்மைதான். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதே செடியின் காயைக் கீறினால் வரும் பால். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க உரிமம் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். நாட்டில் விளைகிறது, ஆனால் நம் ஊர் வலிக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கெடுபிடி. எதற்கு வம்பு என்று பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் கணக்கு வைத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று வழியை எளிதாக்கினார்கள். தெருமுனை மெடிக்கலில் பெரும்பாலும் கிடைக்காது. உங்களுக்குக் கையில் கிடைத்துவிட்டது. அதன் அருமை உங்கள் கொழுந்தனாருக்குத் தெரியவில்லை.

மயக்கம் பற்றிச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார். பாதி மருந்தால், பாதி மூன்று மாதமாகத் தூங்காத கடனால். வீட்டில் எல்லாரும் பயப்படுவதும் அந்த மூன்று நாளில்தான். "பார்த்தியா, நான் சொன்னனே" என்று யாராவது ஒருவர் சொல்லி, மருந்து மறுபடி மாடத்துக்குப் போகும். பொறுத்திருங்கள். நாலாவது நாள் எழுந்து டீ கேட்பார். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாகப் போகிறது என்றால் மட்டும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அப்படி ஆவது அபூர்வம். பழக்கமாகிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். வலிக்காக, அளவோடு சாப்பிடுகிறவர் போதைக்கு ஏங்கி அலைவதை நான் பார்த்ததில்லை. பின்னால் அளவு கூடினால், நோய் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. ராத்திரி பத்து மணிக்கு மட்டும் பெரும்பாலும் இரட்டை அளவாக எழுதுவார்கள், நடுச்சாமம் இரண்டு மணிக்கு யாரும் எழ வேண்டாம் என்பதற்காக. உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். 1986இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதே இதுதான்: வாய் வழியாக, கடிகாரம் பார்த்து. வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருப்பது, வாய்க்கால் உடைப்பெடுத்த பிறகு மண்மூட்டை தேடுகிற கதை. நான் போகிற வீடுகளில் ஒரு நோட்டு கொடுப்பேன். நேரம், மாத்திரை, வலி எவ்வளவு, வெளிக்குப் போனாரா என்று நாலு கட்டம். மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைத்துப் பெரியவர்கள் கொடுக்கட்டும். நோட்டு எழுதுவதைப் பேரனிடம் விடுங்கள். எட்டாவது படிக்கிற பையன்கள் இந்த விஷயத்தில் நர்ஸுகளைவிடக் கறார்.

வெளிக்குப் போவதைப் பற்றி எழுத யாரும் கூச்சப்படாதீர்கள். மார்ஃபின் கட்டாயம் மலச்சிக்கல் தரும். கூடவே முதல் நாளிலிருந்தே பேதி மாத்திரை வேண்டும். அதை எழுதாமல் விட்டிருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். வலியை ஜெயித்துவிட்டு மலச்சிக்கலில் தோற்ற வீடுகள் நிறைய.

டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "அந்த நரம்புப் பின்னலுக்கு ஊசி போட முடியுமா?" சீலியாக் ப்ளெக்ஸஸ் என்று சொன்னால் புரிந்துகொள்வார். ஸ்கேன் பார்த்தோ எண்டோஸ்கோப்பி வழியாகவோ ஆல்கஹால் செலுத்தி, வலி கடத்தும் நரம்பை மரக்க வைக்கிறது. எல்லாருக்கும் ஒத்துவராது. ஒத்துவந்தால் பல மாதம் நிம்மதி, மார்ஃபினும் குறைவாகவே வேண்டியிருக்கும். ஆள் தெம்பாக இருக்கும்போதே கேட்பது நல்லது.

மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டை தருவார்கள், மூன்று நாளைக்கு ஒன்று. அதன்மேல் சூடு படக்கூடாது. அந்தியூர்ப் பக்கம் ஓர் அம்மா, மருந்து நன்றாக இறங்கட்டும் என்று மகன் முதுகில் இருந்த பட்டையின் மேலேயே உப்பு ஒத்தடம் கொடுத்துவிட்டார். சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போய், மத்தியானம் அவனை எழுப்ப முடியவில்லை. பட்டையைப் பிய்த்து, தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான்.

கொழுந்தனாரிடம் வாதாடிப் பிரயோசனமில்லை. ஒரே ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். காலையில் அவரே தண்ணீர் கொண்டுவந்து மாத்திரை கொடுப்பார்.

*

அம்மாவுக்கு "அல்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். ரிப்போர்ட்டையெல்லாம் கம்பெனியில் என் டேபிளில் பூட்டி வைத்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் உடைந்துவிடுவார். வீட்டுக்கு நர்ஸ் வந்தால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கூப்பிடாமல் இருக்கிறேன்.
— கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

தம்பி, நாங்கள் யாரும் வாசலில் நின்று நோயின் பெயரைக் கூவ மாட்டோம். தைரியமாகக் கூப்பிடுங்கள். ஆனால் ஒன்று. அம்மா நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். "உங்களுக்கு என்ன தெரியணும்ங்க?" என்று திருப்பிக் கேட்பேன். வேண்டாம் என்கிறவர்களுக்குச் சொல்வதும் இல்லை.

சரி, அம்மாவுக்குத் தெரியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து வீட்டில் இதே கதை, இதே அல்சர். வருஷா வருஷம் வைகாசியில் அரை ஏக்கர் மஞ்சள் வைப்பார்கள். அந்த வருஷமும் விதை மஞ்சள் பேசி முடித்தாயிற்று. அந்தப் பெரியம்மா மட்டும், "மஞ்சள் வேண்டாம், எள்ளு வெதச்சு உடுங்க" என்று ஒரே பிடிவாதம். மகன்களுக்குக் காரணம் புரியவில்லை, விலை இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். மூத்தவர் மோட்டார் போடப் போயிருந்த நேரத்தில் என்னிடம் சொன்னார்: "மஞ்சள் வெட்டறதுக்குத் தை, மாசி ஆயிருமே கண்ணு. எள்ளுன்னா மூணே மாசம். அது வரைக்கும் தாங்குவனல்லோ?" தாங்கினார். எள்ளுக் கட்டுகளைக் களத்தில் நிறுத்திக் காயவைத்திருந்தபோது கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டித் தூற்றிய பிறகு எந்த மகளுக்கு எத்தனை வள்ளம் என்று அவரே பங்கு சொன்னார். கடைசி வரை அல்சர் என்ற பேச்சை யாரும் மாற்றவில்லை, அவரும் மாற்றவில்லை.

அவருக்குப் பங்கு சொல்ல இடம் கிடைத்தது. உங்கள் அம்மாவுக்குப் பார்க்க வேண்டிய ஆள் யாராவது இருக்கலாம். பண்ணாரிக்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கலாம். இந்த நோயில் அதற்குக் கிடைக்கிற நாள் குறைவு. "அல்சர்னா இவ்வளவு எளைக்குமா?" என்று அவர் கேட்கும் நாளில் பேச்சை மாற்றாதீர்கள். அவர் கேட்டதே அதற்காகத்தான்.

*

அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். ஒரு இடத்தில் பச்சிலை மருந்து வாங்கி இருபது நாள் பத்தியம் இருந்தோம். கீழாநெல்லியும் கொடுத்தோம். குறையவில்லை. ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்து புண்ணாகிவிட்டது. இப்போது ஸ்கேனில் கணையத் தலைப்பகுதியில் கட்டி என்கிறார்கள்.
— வாசகி, சத்தியமங்கலம்

இது கல்லீரல் அழற்சியால் வருகிற காமாலை இல்லை, அடைப்புக் காமாலை. பித்தக் குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. கட்டி அதை நெரித்துவிட்டது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். குழாயைத் திறக்காமல் எந்த இலையும் வேலை செய்யாது. இருபது நாள் போனதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள், இந்த வட்டாரத்தில் காமாலை என்றால் எல்லாரும் முதலில் போகிற வழி அதுதான்.

எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்கிற சிறு குழாயை வைத்துப் பித்தத்தை வடிய விடலாம். ஆபரேஷன் இல்லை. பித்தம் இறங்க இறங்க அரிப்பும் அடங்கும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், உலோகம் அதிக நாள் தாங்கும், விலையும் கூட. எது வைத்தார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ஸ்டென்ட் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே போக வேண்டும். அதே போல ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் போக வேண்டும். இந்த நோயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வது அதிகம்.

அதுவரை நகத்தை ஒட்ட வெட்டுங்கள், வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பாக ஊற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், பழைய மெல்லிய வேட்டியை விரித்துப் படுக்க வையுங்கள்.

*

ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இதே நோய் வந்து எட்டு வருஷம் இருந்தாரே, அந்த வைத்தியம் இங்கே கிடைக்குமா?
— கல்லூரி மாணவர், பெருந்துறை

அவருக்கு வந்தது வேறு வகை. கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது, மெதுவாக வளரும். 2003இல் தெரிந்தது, 2011இல் இறந்தார். நம் வீடுகளில் பெரும்பாலும் பார்ப்பது செரிமான நீர் ஓடும் குழாய்களில் தொடங்குவது, வேகமானது. உங்கள் வீட்டு பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் தம்பி, அதுதான் முக்கியம்.

*

மாமியார் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். சாப்பிட்டால் உடனே வெளிக்குப் போகிறது, எண்ணெய் மிதக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. பார்க்க வருகிற சொந்தமெல்லாம் "மருமக சோறு போடறதில்லையாட்டம் இருக்குது" என்று என் காதுபடப் பேசுகிறார்கள்.
— பெயர் வேண்டாம், தாராபுரம்

அந்தச் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தை வெட்டி வாசலில் ஒட்டிவிடுங்கள்.

இந்த நோயில் உடம்பு தன்னைத்தானே தின்கிறது. நீங்கள் ஊட்டாததால் அவர் இளைக்கவில்லை, வலுக்கட்டாயமாக ஊட்டினாலும் சதை ஏறாது. வாந்திதான் வரும். அப்புறம் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குத் தெரிந்த ஒருவர் மருமகளின் வளையல் சத்தம் கேட்டாலே தூங்குவது போல நடித்தார், பாவம்.

ஆனால் எண்ணெய் மிதப்பதற்கு வழி உண்டு. கணையம் சுரக்க வேண்டிய நொதி குடலுக்கு வரவில்லை, அதனால் கொழுப்பு செரிக்காமல் வெளியே போகிறது. நொதி மாத்திரை என்று கேப்சூல் இருக்கிறது. டாக்டரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை, பின்னால் இல்லை, முதல் வாய்ச் சோற்றோடு. சாப்பாடு நீண்டால் நடுவில் இன்னொன்று. மெல்லக் கூடாது. பால் குடித்தாலும், நெய் விட்ட எதைத் தின்றாலும் வேண்டும். வெறும் நீர்மோருக்கும் இளநீருக்கும் தேவைப்படாது. ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை: இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் குடும்பங்களும் தெரிந்து முடிவு செய்யட்டும்.

கேப்சூல் பிடித்துவிட்டால், குழைய வடித்த அரிசிம்பருப்புச் சோறு, ஒரு தேக்கரண்டி நெய், சின்னக் கிண்ணத்தில். பெரிய தட்டு வேண்டாம், அதைப் பார்த்தாலே மலைப்பு. இரண்டு மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் போதும். கொள்ளு ரசம் கேட்டால் கொடுங்கள். ஒப்பிட்டு, அதாவது போளி, கேட்டாலும் கொடுங்கள். சர்க்கரை இருக்கிறதே என்பீர்கள். கணையம் கெட்டால் சர்க்கரை நோயும் வரும், மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். இந்த நிலைமையில் இருபது வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் கண் பார்வைக் கோளாறுக்குப் பயந்து ஒப்பிட்டை மறுப்பதில் அர்த்தமில்லை. சாப்பிட்டதெல்லாம் மணிக்கணக்கில் தங்கி அப்படியே வாந்தியாக வந்தால் மட்டும் குடல் வழி அடைத்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

அண்ணனுக்கு 52. நாலாவது ஸ்டேஜ். கீமோ போடலாம் என்கிறார்கள். ரெண்டு ஏக்கரை அடமானம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். கோயிலில் பொட்டலம் கட்டி வைத்துப் பூக்கேட்டதில் வெள்ளைப் பூ வந்தது, போடலாம் என்று உத்தரவு. அண்ணிக்கு மனமில்லை. வீட்டு வைத்தியமே பார்ப்போம் என்றால் அண்ணனைக் கைவிட்ட மாதிரி ஆகாதா?
— தம்பி, காங்கேயம்

பூ வந்ததைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாமி முன்னால் வைத்த பொட்டலத்தில் "கீமோ அல்லது வீடு" என்று இரண்டே வழிதான் இருந்திருக்கும். மூன்றாவது பொட்டலத்தை யாரும் கட்டவில்லை. கீமோ போடும்போதே பாலியேட்டிவும் பார்க்கலாம். பார்க்க வேண்டும்.

2011இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பரவிவிட்ட கணையப் புற்றுநோய்க்கு நாலு மருந்து சேர்த்துப் போட்டவர்களில் பாதிப் பேர் 11 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். ஜெம்சிடபின் என்ற ஒற்றை மருந்து போட்டவர்களுக்கு அது ஏழு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. குணமாவது என்ற பேச்சு இரண்டிலும் இல்லை. அதில் சேர்த்தது எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற ஆட்களை மட்டும்தான். எனவே நிலத்தைப் பற்றி யோசிக்கும் முன், அண்ணன் பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் கீமோ கொடுக்கிற நாளைவிடப் பிடுங்குகிற நாள் அதிகமாகலாம். நடமாடுகிறார் என்றால் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, கட்டி சுருங்கினால் வலியும் குறையும். டாக்டரிடம் "எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும், போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று அண்ணனை வைத்துக்கொண்டே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு வரும் என்று பார்த்த பிறகு அடமானப் பத்திரம் எழுதலாம்.

கைவிட்ட மாதிரி என்கிறீர்களே, அதைப் பற்றி. 1999இல் எங்கப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி. "இனிச் செய்யறதுக்கு ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அம்பாசடர் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். அதற்கப்புறம் 23 நாள் இருந்தார். அந்த 23 நாளும் வீட்டில் இருந்த வலி மருந்து பாராசிட்டமால். நான் அப்போதே நர்ஸ். ஜெனரல் வார்டில் நாள் முழுக்க ஊசி போடுகிறவள். வாயால் சாப்பிடும் மார்ஃபின் என்று ஒன்று இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்து மாநிலத்தில், கோழிக்கோட்டில், 1993லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளா. எனக்குத் தெரியவில்லை. கைவிடுவது என்றால் அது.

2010இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நோய் தெரிந்த உடனே பாலியேட்டிவும் சேர்த்துக்கொண்டவர்கள் மனச்சோர்வு குறைந்து, கடைசி நேரத்தில் கடுமையான வைத்தியம் குறைந்து, அதே சமயம் இரண்டரை மாதத்துக்கு மேல் அதிகமாகவே உயிரோடு இருந்தார்கள். அது வேறு நோய், ஆனால் அண்ணிக்குச் சொல்ல உதவும்.

எங்கே கேட்பது என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் பார்ப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள், அல்லது 104க்குப் போன் செய்து விசாரியுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பாலியேட்டிவ் பிரிவு எந்தக் கிழமை என்று கேளுங்கள்.

*

அப்புச்சி நாலு நாளாகக் கண் திறக்கவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி ஒரே சண்டை. பால் ஊற்ற எல்லாரும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர் தெளிவாக இருந்தபோது "என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க சாமி" என்றார்.
— பேத்தி, அவிநாசி

கண்ணு, உன் கடிதம் அச்சில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் உனக்கு அன்றே போனில் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே.

அந்தக் கரகரப்பு, விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்குவது. கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவருக்குத் தெரிவதாக நாங்கள் நினைக்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தால் பாதி குறையும். அதற்கு ஊசியும் இருக்கிறது. இந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் கால் வீங்கும், கரகரப்பு கூடும். தாகம் என்று தோன்றினால் வாயைப் பாருங்கள். வறண்டு வெடித்திருக்கும். சுத்தமான பருத்தித் துணியை விரலில் சுற்றி நனைத்து, ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் என்று மெதுவாகத் துடைத்து, உதட்டில் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு துளி. மணிக்கு ஒரு தடவை. வந்திருக்கிற அத்தை, மாமன் எல்லாருக்கும் இந்த வேலையை முறை போட்டுக் கொடுத்துவிடு. சண்டை போட நேரம் இருக்காது.

பால் ஊற்றுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சங்கில் ஊற்றினால் விழுங்க முடியாமல் மூச்சுக் குழாய்க்குப் போகும், புரையேறும். பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டில் வைத்தால் போதும். ஒரு வீட்டில் பூசாரித் தாத்தாவே, "தொட்டு வெச்சாலும் ஊத்துனாப்பலதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரை எல்லா வீட்டுக்கும் கூட்டிப்போக முடிந்தால் நன்றாக இருக்கும்.

தூக்கிப் போகாதீர்கள் என்று சொன்னதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2023 முதல் இரண்டு சாட்சி கையெழுத்தோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பமிட்டால் போதும். அப்புறம், வீட்டில் இறந்தால் போலீஸ் வருமோ என்று பயப்படுகிறார்கள். நோயால் வந்த இறப்புக்கு அதெல்லாம் இல்லை. பார்த்துவந்த டாக்டரிடம் எழுதி வாங்கி, 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

*

போன இதழில் கேட்டது நான்தான்ங்க. என் வீட்டுக்காரி பத்தாம் தேதி விடியக்காலம் போய்விட்டாள். வலி இல்லை. மார்ஃபின் மாத்திரை பதினாலு மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் மூட்டு வலிக்குக் கேட்கிறார்கள். உங்கள் தண்ணீர்ப் படுக்கையும் இங்கேதான் இருக்கிறது.
— பவானி

பக்கத்து வீட்டுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். பழக்கமில்லாத உடம்பில் அது விஷம். பதினாலையும் எண்ணி, கொடுத்த இடத்திலேயே ஒப்படைத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

படுக்கையில் தண்ணீரை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். மடிக்க வேண்டாம், சுருட்டி வையுங்கள். வியாழக்கிழமை வண்டி அந்தப் பக்கம் வருகிறது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தியூரில் ஒருவருக்கு அது வேண்டும்.